இனக் கட்சிகளைத் தடைசெய்தால் இன அரசியல் முடிந்துவிடுமா?

ஒரே இனத்தாரை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கும் கட்சிகளைச் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டால் பல்லின நாடொன்றில் இன அரசியல் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடாதா, இத்தனை எளிய காரியத்தை ஏன் எவரும் செய்யவில்லை என்று மலேசியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தம் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாக அத்தகைய ஒரு கட்சியில் கிளைத் தலைவராக இருக்கிறார் என்றும், தாம் இன எல்லையைக் கடந்த கட்சி ஒன்றில் சேர நினைப்பதை அவர் "நம்மவர்களை நட்டாற்றில் விடுவது" என்று சொல்கிறார் என்றும் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். உண்மையான கேள்வி அந்த இரண்டு வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இனக் கட்சி போய்விட்டால், அது இதுவரை நல்லபடியாகவோ மோசமாகவோ செய்துவந்த வேலையை யார் செய்வார்கள் என்பதே அது. தந்தையின் அச்சத்துக்கு விடை சொல்லாமல் மகனின் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒப்பீட்டு அரசியலை இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குக் கற்பித்தவன்; எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததில்லை, தேர்தலில் நின்றதுமில்லை. ஆகவே தேர்தல் முறைகள், அரசியலமைப்புகள், அவற்றின் விளைவுகள் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும். ஒரு கிளைக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி உங்கள் தந்தையிடம் நான்தான் பாடம் கேட்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எடுத்துக்காட்டுகள் குறைவு, நாட்டுக்கு நாடு சூழல் வேறு; ஒரு விதி ஓரிடத்தில் பலித்ததற்கு அந்த விதிதான் காரணமா, கூடவே இருந்த பத்துக் காரணங்களில் ஒன்றா என்று பிரித்துச் சொல்வது பல வேளைகளில் இயலாது.

தடை பற்றிய பகுதி ஒப்பீட்டளவில் தெளிவானது. கானா, விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே இனம், வட்டாரம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையிலான கட்சிகளைச் சட்டத்தால் தடுத்தது. 1992இல் வந்த அரசியலமைப்பும் கட்சிகள் நாடு தழுவியனவாக இருக்க வேண்டும் என்கிறது. இன்று அங்குள்ள இரு பெருங்கட்சிகளும் பெயராலும் விதியாலும் எல்லாருக்கும் உரியவை. ஆனாலும் அசாந்தி வட்டாரம் ஒரு கட்சியின் கோட்டையாகவும் வோல்டா வட்டாரம் மற்றதன் கோட்டையாகவும் தேர்தலுக்குத் தேர்தல் தொடர்ந்து வந்திருக்கின்றன. அதற்காகத் தடை வீண் என்று நான் சொல்லமாட்டேன். இரு கட்சிகளும் ஆட்சியைப் பிடிக்கத் தம் கோட்டைக்கு வெளியே போய் வாக்குக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது, அங்கே ஆட்சி மாற்றமும் அமைதியாக நடந்து வந்திருக்கிறது. ருவாண்டாவில் நிலைமை வேறு. 1994 இனப்படுகொலைக்குப் பின் அடையாள அட்டையிலிருந்து இனம் நீக்கப்பட்டது, இனக் கட்சிகள் தடைசெய்யப்பட்டன, பிரிவினையைத் தூண்டுவது குற்றமாக்கப்பட்டது. அதே குற்றச்சாட்டு எதிர்க்கட்சியினர் மீது பயன்படுத்தப்படுவதை மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து கண்டித்து வருகின்றன. பெயரை அழிப்பது எளிது. அந்த அழிப்பான் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்து, அதுவரை இருந்த இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் ஒழித்தது. வகுப்புவாதம் என்ற நஞ்சை வேரோடு பிடுங்குவதாகவே அதை வகுத்தவர்கள் நினைத்தார்கள். கால் நூற்றாண்டுக்குள், 1956இல், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற வாக்குறுதியோடு, பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி தலைமையிலான கூட்டணி வெற்றி பெற்றது. எதிரில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்குச் சற்று முன்பு அதே கொள்கைக்கு மாறியிருந்தது. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் அதிகாரப் பகிர்வு பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்தது, 1958இல் அது கைவிடப்பட்டது. 1965இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தபோது எதிர்ப்பைச் சுதந்திரக் கட்சி நடத்தியது. இரண்டு கட்சிகளும் பெயரளவில் இனக் கட்சிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். பெரும்பான்மை இனத்தின் வாக்கை மட்டும் வைத்தே ஆட்சியைப் பிடிக்க முடியும் என்ற கணக்கு இருக்கும் இடத்தில், எல்லாருக்கும் பொதுவான இரு கட்சிகள் ஏலத்தில் விலை ஏற்றுவதுபோல் ஒன்றையொன்று மிஞ்சி இனவாதம் பேசும். இதை இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். கட்சியின் உறுப்பினர் விதியை விட, அந்தக் கட்சி வெற்றி பெற யாருடைய வாக்கு தேவை என்பது முக்கியம்.

மலேசியாவின் கதை இதற்கு நேர் எதிரான திசையில் தொடங்கியது என்பதால் அதை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. மலாய்க்காரரின் கட்சியான அம்னோவை 1946இல் நிறுவிய டத்தோ ஓன் ஜாஃபார், அந்தக் கட்சியை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சி ஏற்கவில்லை. 1951இல் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியை எல்லா இனத்தாருக்குமான கட்சியாகத் தொடங்கினார், இந்தியரின் கட்சியான ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அப்போது அவர் பக்கம்தான் நின்றது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் வந்தது. அம்னோவின் கோலாலம்பூர் கிளையும் மலாயா சீனர் சங்கமும் உள்ளூர் அளவில் ஓர் உடன்பாடு செய்துகொண்டு போட்டியிட்டு 12 இடங்களில் 9ஐ வென்றன. ஓன் ஜாஃபாரின் பல்லினக் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. அவர் பின்னர் நெகாரா கட்சியைத் தொடங்கி மலாய்க்காரர் நலனை முன்வைத்துப் பேசினார், 1955 பொதுத்தேர்தலில் அதற்கும் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. பல்லின அரசியலுக்காகத் தன் சொந்தக் கட்சியைத் துறந்த மனிதர் இறுதியில் இனம் பேசித் தோற்றார் என்பது அந்த நாட்டு வரலாற்றின் கசப்பான துணுக்குகளில் ஒன்று.

ஆனால் அதே 1955இல் நடந்த வேறொன்றை இன்றைய விவாதங்களில் யாரும் எடுப்பதில்லை. வாக்காளரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர்; சீனரிலும் இந்தியரிலும் பெரும்பகுதியினருக்கு அப்போது குடியுரிமையே கிடைத்திருக்கவில்லை. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி 52 தொகுதிகளில் அம்னோவுக்கு 35ஐ மட்டும் வைத்துக்கொண்டு, 15ஐ மலாயா சீனர் சங்கத்துக்கும் 2ஐ ம.இ.கா.வுக்கும் கொடுத்தது. கூட்டணி 51 இடங்களில் வென்றது. சீன வேட்பாளருக்கும் இந்திய வேட்பாளருக்கும் மலாய் வாக்காளர்கள் வாக்களித்தார்கள், அதுவும் பெருந்திரளாக. மூன்றுமே இனக் கட்சிகள்; ஆனாலும் நடந்தது இன எல்லையைத் தாண்டிய வாக்களிப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நம்பத் தயங்குவார்கள். இனக் கட்சி என்றாலே இனவெறி, பல்லினக் கட்சி என்றாலே நல்லிணக்கம் என்ற சமன்பாடு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அப்படியென்றால் அந்த ஏற்பாடு எங்கே நோயானது? என் கருத்தில், அது தேர்தலில் கெட்டதைவிட, மக்கள் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும் அரசாங்க அலுவலக முகப்பில்தான் கெட்டது. இதை என் கருத்து என்றே சொல்கிறேன். வேறு விளக்கங்களும் உண்டு. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின் 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு குறிக்கோள்கள்: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இனமும் தொழிலும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும் நிலையை மாற்றுவது. 1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி வறுமையில் இருந்தன. 1990இல் அது 15 சதவீத அளவுக்கு இறங்கியது. மலாய் நடுத்தர வகுப்பு ஒன்று ஒரே தலைமுறையில் உருவானது. இவற்றை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை. ஆனால் இரண்டாவது குறிக்கோளை நிறைவேற்றிய விதத்தில், உரிமம், பங்கு, பல்கலைக்கழக இடம், வீட்டு விலையில் தள்ளுபடி என்று அரசு கொடுக்கும் பலவற்றை அடைய இனமே வாசலானது. அந்த வாசலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அதைக் காக்க ஒரு கட்சி தேவைப்பட்டது, வெளியே இருந்தவர்களுக்கு அதைத் தட்ட ஒரு கட்சி தேவைப்பட்டது.

இந்தியர் நிலையை எண்ணிப் பாருங்கள். 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் அவர்கள் 6.7 சதவீதம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போன குடும்பங்கள் நகர ஓரங்களுக்கு வந்தன. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தாத்தா, நில உரிமை இல்லாத கோயில், கூரை ஒழுகும் தமிழ்ப்பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசு அலுவலகம் உண்டு, ஆனால் அந்த அலுவலக முகப்பில் தன்னந்தனியாக நிற்பவருக்குப் பதில் கிடைப்பதில்லை. அங்கேதான் கிளைத் தலைவர் வருகிறார். அவர் கடிதம் எழுதுகிறார், உடன் வருகிறார், தெரிந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கிறார். உங்கள் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்தது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இது இழிவான வேலை அன்று. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கெட்ட முடிச்சு இருக்கிறது: முகப்பு ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டால் இடைத்தரகருக்கு வேலை இல்லை. ஆகவே முகப்பைச் சீர்செய்யும்படி வற்புறுத்த வேண்டிய கட்சிக்கே அதைச் சீர்செய்வதில் அவசரம் இருக்காது. தனிமனிதர் எவரையும் குற்றம் சொல்லாமலே இது நடக்கும். 2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமைக்காக எழுந்த ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணியில் கோலாலம்பூர்த் தெருக்களில் இறங்கிய கூட்டம் அந்த முடிச்சைத்தான் உரக்கச் சொன்னது என்று நான் வாசிக்கிறேன். அடுத்த மார்ச்சுப் பொதுத்தேர்தலில், அம்னோவும் ம.இ.கா.வும் இருந்த ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, ம.இ.கா.வின் தலைவரே சுங்கை சிப்புட்டில் தோற்றார்.

அதற்குப் பிறகு இந்திய வாக்குகளில் பெரும்பகுதி பல்லினக் கட்சிகளுக்குப் போனது. இன அரசியல் அதனால் முடிந்ததா? இல்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2018 மே மாதம், விடுதலைக்குப் பின் முதன்முறையாக ஆட்சி மாறியது. ஊழல், வரி, விலைவாசி ஆகியவை இன எல்லையைக் கடந்து மக்களைச் சேர்த்தன. ஆனால் அந்த ஆண்டின் இறுதிக்குள், இனப் பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையில் சேரப்போவதாகச் சொன்ன அரசு, மலாய்க்காரர் உரிமை பறிபோகும் என்ற எதிர்ப்புக்குப் பணிந்து பின்வாங்கியது. 2020 பிப்ரவரியில் ஆட்சியே கவிழ்ந்தது. பொதுவான ஒரு கோபம் எல்லாரையும் ஒரு நாள் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவர முடியும் என்பதும், மறுநாள் பழைய அச்சத்தைத் தணிக்க அந்தக் கோபம் மட்டும் போதாது என்பதும் இதிலிருந்து கிடைப்பவை. இலங்கையில் 2024 நவம்பரில், சிங்களவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை வென்று, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெற்றதைப் பார்த்து இன அரசியல் முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் மலேசியாவின் 2018ஐயும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அது வாக்காளரின் தளர்ச்சியா, நம்பிக்கையா, பழைய கட்சிகள்மேல் சலிப்பா என்பது காணி, அதிகாரப் பகிர்வு, காணாமல் ஆக்கப்பட்டோர் ஆகிய கேள்விகளில் அந்த அரசு நடந்துகொள்ளும் விதத்திலிருந்துதான் தெரியும்.

தேர்தல் விதிகளை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்ற வாதம் எங்கள் துறையில் ஏறக்குறைய ஒரு தொழில். நைஜீரியாவில் 1979 முதல், குடியரசுத் தலைவராக வேண்டுமானால் மொத்தத்தில் முந்தினால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் குறைந்தது கால் பங்கு வாக்காவது பெற வேண்டும். கென்யாவின் 2010 அரசியலமைப்பிலும் இதே வகையான விதி உண்டு. இத்தகைய விதி வேட்பாளரைத் தன் ஊருக்கு வெளியே நடக்கவைக்கிறது, பிற இனத்தாரைப் பற்றிக் கூசாமல் பேசும் நாக்கைக் கொஞ்சம் அடக்குகிறது. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். அது இனவாரிக் கணக்கை ஒழிக்கிறது என்று சொல்ல முடியாது, இனத் தலைவர்களுக்கிடையே கூட்டணி பேரத்தை அது பெருக்கவும் செய்திருக்கிறது. பிஜியின் 1997 அரசியலமைப்பு, வாக்காளர் விருப்பவரிசை இட்டு வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிற இனத்தாரின் இரண்டாம் விருப்பத்துக்காகக் கட்சிகள் மிதமாகப் பேசும் என்பது கணக்கு. 1999இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000 மே மாதம் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள் அவரைப் பிணையாகப் பிடித்தார்கள். அந்த நாடாளுமன்றத்தின் 71 இடங்களில் 46 அந்தந்த இனத்தார் மட்டும் வாக்களிக்கும் இனவாரி இடங்களாகவே இருந்தன என்பதால் சோதனையே சரியாக நடக்கவில்லை என்பாரும் உண்டு, தேர்தல் விதி எதுவும் படையினரின் மனத்தை மாற்றாது என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது தரப்பில்தான் சாய்வு அதிகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஐயம் அறவே இல்லை. இனப் பங்கீட்டை அரசியலமைப்பில் எழுதிவைத்துவிட்டால், தற்காலிகம் என்று எத்தனை முறை சொன்னாலும் அது தானாக விலகுவதில்லை. லெபனான் 1943இல் பதவிகளைச் சமயவாரியாகப் பிரித்துக்கொண்டது; அதற்கு அடிப்படையான கணக்கெடுப்பு 1932இல் எடுக்கப்பட்டது, அதற்குப் பின் இன்னொன்று எடுக்கப்படவேயில்லை, ஏனெனில் எண்ணினால் பங்கு மாறும். 1989 தாயிஃப் உடன்பாடு இந்த முறையை ஒழிப்பதையே இலக்காக அறிவித்தது. முறை அப்படியே இருக்கிறது. போஸ்னியாவில் 1995 உடன்பாட்டின்படி மூவர் கொண்ட தலைமைப் பதவிக்குப் போஸ்னியாக், செர்பியர், குரோவத்தியர் மட்டுமே போட்டியிடலாம். யூதரும் ரோமா இனத்தாரும் அங்கே குடிமக்கள், ஆனால் வேட்பாளராக முடியாது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தும் விதி ஆண்டுக்கணக்கில் மாறாமல் நின்றது. மொரீசியஸில் சமூகவாரிச் சமநிலைக்கான எட்டுக் கூடுதல் இடங்கள் 1972 கணக்கெடுப்பை வைத்தே பகிரப்பட்டு வந்தன. அரசியலமைப்பு கண்ட நான்கு சமூகங்களில் தமிழருக்குத் தனிப்பெயர் கிடையாது, இந்துக்கள் என்ற தலைப்பின் கீழ் அடக்கம். எந்தச் சமூகம் என்று எழுத மறுத்த வேட்பாளர்களின் மனு செல்லாதென்று ஒதுக்கப்பட்டது. விஷயம் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை போனது. ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காதவருக்கு இனவாரி முறையில் இடமே இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் எல்லா ஒதுக்கீட்டையும் இன்றே எடுத்துவிட்டு இனம் பாராத அரசு என்று அறிவித்துவிடலாமே என்று தோன்றலாம். இங்கேதான் உங்கள் தந்தையின் பக்கம் நான் நிற்கிறேன். இனம் பாராமை என்ற விதி, எண்ணிக்கையில் பெரியவருக்கு எதையும் இழக்கச் செய்வதில்லை. அவருடைய மொழியும் பழக்கமும் விடுமுறை நாளும் பொதுவானவை என்ற பெயரில் ஏற்கெனவே அங்கே இருக்கும். சிறியவருக்குத்தான் தம் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஒரே வழி அடைபடும். ஆகவே பிரதிநிதித்துவத்துக்கு உறுதி வேண்டும், ஆனால் அது சுவராக மாறக் கூடாது. இந்தியாவில் 1932 பூனா ஒப்பந்தம் கண்ட வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தனித்தொகுதியில் வேட்பாளர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவராக இருக்க வேண்டும், வாக்களிப்பவர் எல்லாரும். அம்பேத்கர் விரும்பிக் கேட்டது அந்தச் சமூகத்தவர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி என்பதையும், பொதுவாக்கில் வெல்பவர் தம் சமூகத்துக்குக் குரல் கொடுக்காமல் போகலாம் என்று அவர் அஞ்சியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அச்சம் பல இடங்களில் மெய்யாகியும் இருக்கிறது. சிங்கப்பூர் 1988இல், பல வேட்பாளரை ஒரே குழுவாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி முறையில், ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆளுங்கட்சிக்கு அது வேறு வகையிலும் வசதியாக அமைந்தது என்ற குறைகூறலில் உண்மை இருக்கிறது. 2017இல் அதிபர் பதவியை மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கிய அதே நாட்டில், 2023இல் ஒதுக்கீடு இல்லாத தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 சதவீத வாக்குப் பெற்றார். இந்தியர் அங்கே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒதுக்கீடு வாக்காளரைப் பழக்கியதா, அல்லது வாக்காளர் முன்பே தயாராக இருந்தும் ஒதுக்கீடு தேவையில்லாமல் வந்ததா என்ற இரு வாசிப்புக்கும் அந்த எண் இடம் தருகிறது.

என் முடிவை இப்போது சொல்லலாம். பழைய வாசலை மூடுவதற்கு முன் புதிய வாசலைத் திறக்க வேண்டும் என்பதே வரிசை. இதை மாற்றிச் செய்த இடங்கள் பலவற்றில் அச்சம் இன்னும் கடுமையான இன அரசியலாகத் திரும்பி வந்தது. புதிய வாசல் என்பது, வருமானம் குறைந்தவருக்கான உதவி வருமானத்தைக் கேட்டு மட்டும் கிடைப்பது, குடியுரிமை விண்ணப்பத்துக்குக் குறித்த நாளுக்குள் காரணத்தோடு பதில் வருவது, மறுக்கப்பட்டால் முறையிட ஓரிடம் இருப்பது ஆகியவை. பெரும்பான்மை இனத்தின் ஏழைக்கும் இது பொருந்தும். ஒதுக்கீடு போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கும் கிளந்தான் மாநிலத்து மலாய் விவசாயிக்குக் கையில் கிடைக்கும் பதில் இல்லாமல் சமத்துவம் பேசினால், அவர் அதைத் தம் மீதான தாக்குதலாகவே கேட்பார். கூடவே, வேட்பாளருக்குப் பிற இனத்தாரின் வாக்குத் தேவைப்படும் இடங்கள் பெருக வேண்டும். அந்த வகையில் மலேசியாவில் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976 சட்டத்தால் அடியோடு நீக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் பெரிய இழப்பு என்று எண்ணுகிறேன். சாக்கடை அடைப்புக்கு இனம் கிடையாது; சிறிய மன்றத்தில்தான் அடுத்த இனத்தவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடித்துக் காட்டும் பழக்கம் வரும். நகரங்கள் ஓர் இனத்தார் கைக்குப் போய்விடும் என்ற பழைய அச்சம், கடந்த அரைநூற்றாண்டில் நகரங்களின் மக்கள்தொகை மாறிய பிறகு முன்போல் வலுவானதில்லை. ஆனாலும் அச்சம் இருக்கிறது, அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் அரசியல் வேறு கணக்கில் ஓடுகிறது; இங்கே சொன்ன எதையும் அப்படியே அங்கே பொருத்திவிட வேண்டாம். தாய்மொழிப் பள்ளிகளை மூடினால் ஒற்றுமை வரும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரே பள்ளியில் படித்தவர்கள் தனித்தனி இனக் கட்சிகளில் சேர்ந்ததற்கு எடுத்துக்காட்டுகள் போதுமான அளவு உண்டு. இந்தோனேசியா தன் மிகப் பெரிய இனமான ஜாவானியரின் மொழியை விட்டுவிட்டு மலாயை அடிப்படையாகக் கொண்ட மொழியைத் தேசிய மொழியாக்கியதுபோல், பொதுமொழி எவருடைய வெற்றிக்கொடியாகவும் இல்லாதபடி அமைந்தால் உதவும். அது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

நீங்கள் பல்லினக் கட்சியில் சேரலாமா என்பதற்கு வருகிறேன். சேருங்கள், ஆனால் சேரும் முன் அந்தக் கட்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் இனத்தவர் குறைவாக உள்ள தொகுதியில் உங்கள் இனத்து வேட்பாளரை நிறுத்தத் துணிந்திருக்கிறார்களா, அல்லது 1955இல் மூன்று இனக் கட்சிகள் துணிந்த அளவுக்குக்கூட இவர்கள் துணியவில்லையா? உங்கள் பகுதியில் அந்தக் கட்சியின் சேவை மையத்துக்கு ஒரு மலாய் மூதாட்டியும் ஒரு தமிழ் இளைஞரும் வந்தால், இருவரையும் ஒரே ஆள் விசாரிக்கிறாரா, இல்லை "உங்களாளிடம் போங்கள்" என்று உள்ளேயே தனி மேசை இருக்கிறதா? தனி மேசை இருந்தால், நீங்கள் சேரப்போவது பெயர்ப்பலகை மாறிய பழைய கட்சியில்தான்.

அதற்கும் முன்னால், ஒரு மாலை உங்கள் தந்தையோடு உட்காருங்கள். கிளைத் தலைவர்களில் பலர் வந்தவர் பெயரையும் வந்த காரணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள். அவரிடமும் இருக்கக்கூடும், இல்லாவிட்டாலும் நினைவில் இருக்கும். பத்திரம், அடையாள அட்டை, உதவித்தொகை, பள்ளி இடம், மருத்துவமனைச் செலவு என்று பிரித்து எழுதுங்கள். அவற்றில் எத்தனை, ஒரு குடிமகன் தனியாகப் போய்க் கேட்டிருந்தாலே சட்டப்படி கிடைத்திருக்க வேண்டியவை என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மொழி, கோயில், பள்ளி என்று ஒரு சமூகமாகச் சேர்ந்து கேட்டால்தான் கிடைப்பவை எத்தனை என்பதையும் அவரே சொல்லட்டும். முதல் பட்டியலை எந்தக் கட்சியும் தேவைப்படாதபடி செய்வதுதான் உங்கள் தலைமுறையின் வேலை. இரண்டாவது பட்டியலை எந்த அமைப்பு ஏற்று நடத்தும் என்று முடிவாவதற்குள், அவருடைய கிளை அலுவலகத்தைப் பூட்டச் சொல்லாதீர்கள்.